பொட்டு வைத்த பிரிண்டர்கள்

காலை எட்டு மணிக்கு அந்த பிரிண்டர் முதல் தாளைத் துப்பும்போது குணபூசணி கண்ணை மூடிக்கொள்வாள். சாமி கும்பிடுவதற்காக அல்ல, பார்க்கச் சகிக்காது. கஸ்டம்ஸ் பாரம் என்ற படிவத்தில் சரக்குக்காரரின் பெயர் வர வேண்டிய கட்டத்தில் ஓர் இதயம், இரண்டு சிரித்த மூஞ்சி, சீட்டுக்கட்டில் வரும் க்ளாவர் பூ ஒன்று, அதற்குப் பிறகு வரிசையாகக் கேள்விக்குறிகள். ஆறு பிரதியிலும் அதே கோலம். தாள் நிற்காமல் ஓடிக் கால்மாட்டில் குவியும்.

"இன்னிக்கும் அதேதானா அக்கா?" என்று கேட்பாள் நல்லம்மாள், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி.

"அதேதான்" என்பாள் குணபூசணி.

அதற்குமேல் பேச நேரமிருக்காது. மூலையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த டைப்ரைட்டரின் உறையை உருவி, ஆறு தாளுக்கு நடுவே ஐந்து கார்பனைச் செருகி, குணபூசணி தட்ட ஆரம்பிப்பாள். நல்லம்மாள் பக்கத்தில் நின்று சரக்கு விவரத்தை வாசிப்பாள். ஒன்பதரைக்கு முடித்தால், நல்லம்மாள் பாரங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் துறைமுகத்துக்குப் பறப்பாள். கஸ்டம்ஸ் கௌண்டரில் வரிசை அதற்குள் வாசல்வரை வந்திருக்கும். சரக்கு வெளியே வரச் சாயங்காலம் ஆகும். சரக்குக்காரர்கள் போன் போட்டு பாஸைத் திட்டுவார்கள். பாஸ் குணபூசணியைத் திட்டுவார். இது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, ஆயுத பூஜை முடிந்து இரண்டாவது வாரமாக நடந்துகொண்டிருந்த கூத்து.

இடம் துறைமுக ஊரான கிள்ளான், தெங்கு கிளானா சாலை. கீழே சேலைக்கடை, மேலே பாஸ் பழனியப்பனின் ஃபார்வர்டிங் ஆபீஸ். கப்பலில் வரும் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்து லோரி ஏற்றிவிடுவதுதான் தொழில். ஆபீசில் மொத்தமே ஐந்து பேர். அவர்களில் குணபூசணிதான் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு. கம்ப்யூட்டர் என்றால் வீட்டில் பிள்ளைகள் விளையாடும் ரகமல்ல. யூனிக்ஸ் கம்ப்யூட்டர். கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு சிறு அறையில், ஏர்கான் குளிரில், தனி மேசையில் அது உட்கார்ந்திருந்தது. அறையின் சாவி குணபூசணியின் கைப்பையில் இருந்தது.

அந்தச் சாவியை அவள் சும்மா வாங்கிவிடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா ரயில்வே கிளார்க். அவர்களைப்போன்ற யாழ்ப்பாணத்து வீடுகளில் அரசாங்க வேலையைத் தவிர மற்றதெல்லாம் வேலையே அல்ல என்று நினைத்த காலம் அது, அதனால் பதினெட்டு வயதில் அவளையும் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்டாக உட்கார வைத்தார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் கார்பன் தாளோடு குடித்தனம். விரல் நுனியெல்லாம் நீலக் கறுப்பு. கல்யாணத்துக்கு மருதாணி வைத்தபோதுகூட அந்தக் கறை மருதாணியை மீறிக்கொண்டு நின்றதாம். சோறு பிசையும்போது கறை தெரியக்கூடாது என்று, விருந்துக்குப் போனால் ஸ்பூன் கேட்பாள். கணவர் தியாகராசா "பெரிய துரைசானி" என்று கிண்டல் செய்வார். காரணத்தை அவரிடம்கூட அவள் சொன்னதில்லை.

அரசாங்க வேலையை விட்டு பழனியப்பனிடம் வந்தபோதும் டைப்பிஸ்டாகத்தான் வந்தாள். வந்த வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பொருத்திவிட்டுப் போன ஆள், ஆறு மாதத்தில் சிங்கப்பூரில் நல்ல சம்பளம் கிடைத்துப் போய்விட்டான். மிச்சம் வைத்துப் போனது தலையணை தடிமனில் ஓர் ஆங்கிலக் கையேடு. "நீங்கதான் வேகமா டைப் பண்றீங்க, நீங்களே பாத்துக்குங்க" என்று பாஸ் அதை அவள் மேசையில் போட்டார். வேகமாக டைப் அடிப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பாஸுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அந்தக் கையேட்டோடு அவள் பட்ட பாடு தனிக்கதை. பிரிண்டர்களுக்கென்று கம்ப்யூட்டருக்குள் ஒரு கோப்பு உண்டு. பிரிண்ட்கேப் என்று பெயர். எந்த பிரிண்டருக்கு என்ன பெயர், கம்ப்யூட்டரின் முதுகில் இருக்கும் எந்த வாயில் அது மாட்டியிருக்கிறது, எவ்வளவு வேகத்தில் அதனோடு பேச வேண்டும், அச்சாகக் காத்திருக்கும் தாள்கள் எங்கே வரிசை நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். எழுதியிருக்கும் லட்சணம்தான் பயங்கரம். முழுச்சொல்லே கிடையாது. இரண்டிரண்டு எழுத்து, நடுவில் முக்காற்புள்ளி, வரி முடிவில் சாய்கோடு. ஒரு புள்ளி பிசகினால் பிரிண்டர் ஊமையாகிவிடும். எங்கே பிசகியது என்றும் சொல்லாது. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும் பஸ்ஸில் மடியில் கையேட்டை விரித்துவைத்துப் படித்தே அதை அவள் வசப்படுத்தினாள். முன்பெல்லாம் ஒவ்வொரு பாரத்துக்கும் முன்னால், யார் அச்சடித்தது என்று கொட்டை எழுத்தில் ஒரு வெட்டித் தாள் வரும். ஒருநாள் கோப்பில் இரண்டே எழுத்தைச் சேர்த்து அதை நிறுத்தினாள். தாள் மிச்சமானதைப் பார்த்து பாஸ் "குட்" என்றார். நாலு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே குட் அதுதான்.

இரண்டு பிரிண்டர்களுக்கும் அவளே பெயர் வைத்தாள். கஸ்டம்ஸ் பாரம் அடிப்பது, மலாயில் சொல்வதுபோல், கஸ்தாம், புதியது, வேகமானது. பில் அடிப்பது பில், கிழம், மெதுவாகத்தான் வரும். கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த இரண்டு வாய்களுக்கும் மேலே ஒன்று, இரண்டு என்று எழுதி ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒன்றில் கஸ்தாம், இரண்டில் பில். "இதுல எவனாச்சும் கை வெச்சா கையை ஒடிப்பேன்" என்று ஆபீசுக்கே கேட்கும்படி அறிவித்தாள். யாரும் கை வைக்கவில்லை.

கை வைத்தது ஆயுத பூஜை.

பழனியப்பன் மற்றதில் எப்படியோ, ஆயுத பூஜையை விடமாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லோரியிலிருந்து ஸ்டேப்ளர்வரை எல்லாவற்றுக்கும் பூஜை. அந்த வருஷம் முதல்முறையாகக் கம்ப்யூட்டரையும் பிரிண்டர்களையும் கழற்றி, துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். சந்தனம் குங்குமம் வைப்பது மூத்தவள் என்ற முறையில் குணபூசணியின் பொறுப்பு. கம்ப்யூட்டரின் முன்பக்கம் பட்டன்கள் இருக்கின்றன, ஈரம் படக்கூடாது என்று யோசித்து, முதுகுப்பக்கம் தாராளமாக வைத்தாள். மறுநாள் காலை எல்லாவற்றையும் இடத்தில் வைத்துக் கேபிள்களையும் தன் கையாலேயே மாட்டினாள். பாஸ் பக்கத்தில் நின்று, லோரி டயருக்கு நசுக்கிய எலுமிச்சம்பழத்தை யார் கூட்டுவது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு இதயமும் க்ளாவரும் வந்தன.

குணபூசணி பதறவில்லை. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி விஷயத்தைக் கண்டுபிடித்தாள். கஸ்தாமுக்குப் போக வேண்டியது பில்லுக்குப் போகிறது, பில்லுக்குப் போக வேண்டியது கஸ்தாமுக்கு. இரண்டுக்கும் வேகம் வேறு என்பதால் வேகமாகப் பேசுவது மெதுவாகக் கேட்பவனுக்கு விளங்காமல் கண்டதையும் அடிக்கிறான். இத்தனை நாளில் முதல்முறையாகக் கம்ப்யூட்டரை இரண்டு நாள் அணைத்து வைத்ததால், மறுபடி விழித்தபோது அது தன் வாய்களை மாற்றி எண்ணிவிட்டது என்று முடிவுகட்டினாள். கோப்பைத் திறந்து, ஒன்று என்று இருந்ததை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கினாள். இரண்டு பிரிண்டரும் வெண்ணெயாக வேலை செய்தன. சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோர இடம்கூடக் கிடைத்தது.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு மறுபடியும் இதயமும் க்ளாவரும் வந்தன.

கோப்பைத் திறந்து பார்த்தாள். நேற்று அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது. ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை. பழையபடி மாற்றி எழுதினாள், வேலை செய்தது. புதன் காலை மறுபடி கெட்டது. மாற்றினாள், சரியானது. வியாழன் கெட்டது. கோப்பை மாற்றி, வரிசையில் சிக்கிய தாள்களையெல்லாம் களைந்து, மறுபடி அடிக்கவிட நேரம் பிடிக்கும், கஸ்டம்ஸ் கௌண்டர் அதுவரை காத்திருக்காது, அதனால் தினமும் முதலில் டைப்ரைட்டர்தான். பகலெல்லாம் பசுவாக இருக்கும் சாமான், அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்து வருவதற்குள் குரங்காகிவிடும். ராத்திரி அணைப்பதால்தான் காலையில் வாய் மாறுகிறது என்று பாஸிடம் போராடி, ராத்திரியும் எரியவிட அனுமதி வாங்கினாள். "கரண்ட் பில்லு உங்கப்பாவா கட்டுவாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். அணைக்காமல் விட்ட மறுநாளும் கெட்டது. அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணாடி அறை என்பதால் அழவும் முடியவில்லை.

கேபிளைப் பார்த்தாளா என்றால், பார்த்தாள். குனிந்து பார்த்தாள். இரண்டும் இறுக்கமாக மாட்டியிருந்தன. ஸ்டிக்கர்களின்மேல் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் பளிச்சென்று இருந்தது. பூஜையில் வைத்த பொட்டைத் தானாக உதிரும்வரை யாரும் துடைப்பதில்லை. அவளும் துடைக்கவில்லை. தானே மாட்டியது, தப்பாகவா இருக்கும் என்று நிமிர்ந்துவிட்டாள்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை, டை கட்டிய ஓர் இளைஞன் வந்தான். சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டர் கம்பெனி. யூனிக்ஸ் எல்லாம் பழங்கதை, எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புதுசு போடுகிறோம், பார்த்துக்கொள்ள எங்கள் ஆளே வருவான் என்றான். பாஸ் தலையாட்டினார். அவன் போனதும் குணபூசணியைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கெழம காலையில எட்டு மணிக்கு எனக்கு பாரம் ஒழுங்கா வரணும். வரலன்னா இத அவன்கிட்ட குடுத்துருவேன். நீங்க பழையபடி டைப்ரைட்டர்ல ஒக்காருங்க. அது ஒங்களுக்குப் பழகுனதுதானே லா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு பஸ்ஸில் விரல்களைப் பார்த்தாள். பத்து நாள் காலை வேலையிலேயே நீலம் திரும்பி வந்துவிட்டிருந்தது. எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சாகும்வரை இந்தக் கையோடுதானா என்று நினைத்தபோது, பாஸ்மேலும் அந்த டைக்காரன்மேலும் கம்ப்யூட்டர்மேலும் கோபம் வந்தது. எல்லோரையும்விட அந்தக் கோப்பின்மேல்தான் அதிகம். நாலு வருஷம் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட கோப்பு.

வியாழன் சாயங்காலம் அவள் ஐந்து மணி பஸ்ஸுக்குப் போகவில்லை. மற்றவர்கள் கிளம்பிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடி அறையில் ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கோப்பு எப்போது மாறுகிறது, எது மாற்றுகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு. கொஞ்சத்துக்கொருமுறை கஸ்தாமுக்கு ஒரு தாள் அனுப்பிப் பார்த்தாள். ஒழுங்காக வந்தது. மறுபடி அனுப்பினாள். ஒழுங்காக வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணைக் கோப்பிலிருந்து எடுக்காமல் இன்னொரு தாள் அனுப்பினாள்.

இதயம், சிரித்த மூஞ்சி, க்ளாவர்.

கோப்பைப் பார்த்தாள். ஒரு புள்ளி அசையவில்லை. அவள் கண்ணெதிரே அசையாமல் இருந்துகொண்டே அது கெட்டுப்போயிருந்தது. அப்போதுதான் மேசைக்குப் பின்னால் ஏதோ உரசும் சத்தம் கேட்டுத் தலையை எட்டி நீட்டினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மேசையும் சுவரும் சேரும் சந்தில், மழைக்கோட்டோடு ஓர் உருவம் குந்தியிருந்தது. கம்ப்யூட்டரின் முதுகு அந்தச் சந்துப் பக்கம்தான் இருந்தது. காற்றுப் போவதற்காகத் தடுப்பில் வெட்டி விட்டிருந்த இடைவெளி வழியாகக் கையை விட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தது.

"யாரது?"

உருவம் எழுந்தது. நல்லம்மாள். கையில் டார்ச்சு.

"அக்கா, நீங்க இன்னும் போகலயா?"

தினமும் பக்கத்தில் நின்று சரக்கு வாசித்தவள். தன் ஊரான கேரி தீவிலிருந்து வரும்போதெல்லாம் அவளுக்கென்று முருங்கைக்காய் கட்டிக்கொண்டு வருபவள். அந்த டைக்காரன் இவளுக்கு எவ்வளவு கொடுத்தான் என்றுதான் முதலில் தோன்றியது. அதைக் கேட்டும்விட்டாள்.

நல்லம்மாள் முகம் சுண்டிப்போனது. "என்னாக்கா இப்படிக் கேக்குறீங்க. நான் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"என்னத்தச் சரி பண்றே?"

"அன்னிக்கு பூஜை முடிஞ்சி நீங்க மாட்டுனப்ப வயர் ரெண்டும் மாறிப் போச்சி. கஸ்தாமோடது எப்பவும் செவுத்துப் பக்கம் இருக்கும். நான் பாத்தேன். பாஸு பக்கத்துல நின்னாரு. நீங்க பூஜை போட்ட கையால மாட்டுறீங்க, வயசுல பெரியவங்க, அவரு முன்னால அத எப்படி நான் தப்புன்னு சொல்றது? அதான் திங்கக்கெழம போர்ட்டுலேருந்து திரும்பி வந்ததும் நானே மாத்தி விட்டேன். மறுநாளு காலையில பாத்தா அப்பவும் பேய் எழுத்து. சரி, நாமதான் தப்பாப் பாத்துட்டோம் போலன்னு சாங்காலம் திருப்பி மாட்டுனேன். அப்பவும் வரல."

"அதுக்கப்புறம்?"

"தெனமும் மாத்தி மாத்திப் பாக்கிறேன்க்கா. ஒங்களுக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டும்னு."

குணபூசணி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்லம்மாள் ஒன்பதரைக்குப் போனால், எல்லோரும் கிளம்பிய பிறகு சாயங்காலம்தான் பாரங்களை வைக்கத் திரும்புவாள். பத்து மணிக்குமேல் பிரிண்டர் சரியாகிவிடுவது அவளுக்குத் தெரியாது. குணபூசணி சொல்லவும் இல்லை. கோப்பை மாற்றுவதை இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, இவளுக்கு என்ன விளங்கும் என்று இருந்துவிட்டாள். காலையில் குணபூசணி கோப்பை மாற்றுவாள், சாயங்காலம் நல்லம்மாள் கேபிளை மாற்றுவாள். இருவரும் சேர்ந்து பத்து நாள், ஒருவரை ஒருவர் மதித்து, ஆபீசையே நாறடித்திருக்கிறார்கள்.

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன உனக்கு?" என்று கத்தினாள். இரண்டு வாரமாக யாரிடமும் கத்த முடியாத கத்தல் அது. "பத்து நாள். பத்து நாள் நான் செத்துச் செத்துப் பிழைச்சேன். இந்தக் கையப் பாரு."

"கையை ஒடிப்பேன்னு சொன்னது நீங்கதானேக்கா" என்றாள் நல்லம்மாள்.

பிறகு குணபூசணி எழுந்து போய், நல்லம்மாளின் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, முதுகுப்பக்கம் குனிந்து, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். மனதுக்குள் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஒன்றும் இரண்டும் வெளியே வந்தன. கேபிள்களை எண் பார்த்து மாட்டினாள். கோப்பைத் திறந்து, நாலு வருஷத்துக்கு முன் முதல்முதலாக எழுதியபடியே திருப்பி எழுதினாள். இரண்டு பிரிண்டருக்கும் தாள் அனுப்பினாள். இரண்டும் ஒழுங்காக அடித்தன. கோப்பில் எந்தத் தப்பும் எப்போதும் இருந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அந்த நேரத்தில் நல்லம்மாளைத் தவிர யாரும் இல்லை, அவளிடம் சொல்ல இவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளி காலை எட்டு மணிக்கு பாஸ் பிரிண்டர் பக்கத்திலேயே வந்து நின்றார். பாரம் வந்தது. பெயர் பெயரின் இடத்தில், எண் எண்ணின் இடத்தில். ஆறு பிரதியையும் புரட்டிப் பார்த்தார்.

"என்னா கோளாறு?"

நல்லம்மாள் கதவருகே ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வேலைக்குச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. தொடக்கூடாததைத் தினமும் தொட்டாள் என்று தெரிந்தால் பாஸ் அன்றைக்கே கணக்கு முடித்துவிடுவார். அவளைச் சொல்லாவிட்டால், இரண்டு வாரமாக ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதற்குக் குணபூசணியிடம் பதிலே கிடையாது. கோப்பில்தான் கோளாறு என்று ஒரு பொய் சொன்னால் யாருக்கும் விளங்காது, தன் பெயரும் தப்பிக்கும். ஆனால் அந்தக் கோப்பின்மேல் பழி போட அவளால் முடியவில்லை.

"பூஜைக்கு மறுநாள் கேபிளை நான்தான் மாத்தி மாட்டிட்டேன் பாஸ்."

பாஸ் அவளையே பார்த்தார். "அவ்ளோதானா? ரெண்டு வாரம் லா குணா. பின்னாடி திரும்பி ஒரு வயரப் பாக்கலயா?"

"பார்க்கல" என்றாள், குனிந்து பார்த்ததை விழுங்கிக்கொண்டு.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சுபாங் ஜெயாவுக்குப் போன் போட்டார். "தம்பி, வேணாம்பா. மிஷின் நல்லாத்தான் இருக்கு. எங்க ஆபீஸ் அம்மா வயர மாத்திச் சொருகிட்டாங்க." ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. கீழே சேலைக்கடைவரை மத்தியானத்துக்குள் கதை போய்விட்டது. சாவி கைப்பையிலேயே தங்கியது. அதற்கு அவள் கொடுத்த விலை அந்தச் சிரிப்பு. ஆனாலும் சாவி சாவிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் கீழே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நல்லம்மாள் காத்திருந்தாள். "ஏன்க்கா என்னயச் சொல்லல?"

குணபூசணி பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லம்மா, நீ எனக்குக் குடுத்த மரியாதை போதும். அடுத்த தரம் நான் தப்புப் பண்ணினா, பாஸ் நின்னாலும் சரி, சாமியே நின்னாலும் சரி, சத்தம் போட்டுச் சொல்லு. விளங்குதா?"

"ஓம்" என்றாள் நல்லம்மாள், 'சரி' என்பதற்குக் குணபூசணி வீட்டு யாழ்ப்பாணப் பேச்சில். எப்போதும் கிண்டலுக்குச் சொல்வாள். அன்று கிண்டல் இல்லை.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு, பிரிண்டரை யாரும் நகர்த்தக்கூடாது, இருக்கிற இடத்திலேயே பொட்டு வைத்தால் போதும் என்று பாஸ் உத்தரவு போட்டிருந்தார். "குணாம்மா கையில வயரு படாம பாத்துக்குங்க" என்று அதோடு சேர்த்துச் சொல்ல, எல்லோரும் பழைய சிரிப்பைச் சிரித்தார்கள். குணபூசணி காதில் வாங்காததுபோல் சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கம் குனிந்தாள். பாஸின் மனைவி கற்பூரத் தட்டோடு நின்றார். ஆபீஸே கைகூப்பி நின்றது.

"அக்கா, நம்பர் மேல வெக்கிறீங்க" என்றாள் நல்லம்மாள். மணிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது அந்தக் குரல்.

சிரிப்பு நின்றது. பாஸ் திரும்பி நல்லம்மாளை முறைத்தார். குணபூசணி விரலை இழுத்து, இரண்டு அங்குலம் தள்ளி வெறும் தகரத்தில் பொட்டு வைத்தாள்.